பிறர் பெயரில் ஓர் அறை: டைம்ஷேர் பாயின்ட்களை உறுப்பினர்களிடம் வாடகைக்கு எடுப்பது பற்றி

பெங்களூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்குக் குடகு, ஊட்டி, வயநாடு, கொடைக்கானல் என்று கிளம்பும்போது தங்குமிடத்துக்கு நாடும் வழிகளில் ஒன்று, விடுமுறைக் கிளப்பில் உறுப்பினராக உள்ள ஒருவரிடமிருந்து அவருடைய பாயின்ட்களையோ இரவுகளையோ வாடகைக்கு எடுப்பது. இதற்குக் கடை கிடையாது, விலைப் பட்டியல் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘தசரா விடுமுறையில் மடிக்கேரியில் நான்கு இரவுகள் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமா?’ என்று வரும் ஒரு செய்தியில் தொடங்கி, பின் தொலைபேசி அழைப்பு, பேரம், யுபிஐ என்று முடிந்துவிடுகிறது. ஆனாலும் பணம் கைமாறுகிறது, ஒரு குடும்பத்தின் விடுமுறை அதை நம்பி இருக்கிறது என்பதால், உணவகத்தையோ விடுதியையோ மதிப்பிடுவது போலவே இதையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுவது அவசியம் என்று நினைக்கிறேன். நாங்கள் இதைப் பயன்படுத்தி நன்றாகத் தங்கியிருக்கிறோம். எங்கள் உறவிலேயே இதனால் ஒரு குடும்பம் இரவு நேரத்தில் தெருவில் நின்றும் இருக்கிறது. இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒருவர் தன் இரவுகளை ஏன் விற்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டும், ஏனென்றால் எவரை நம்பலாம் என்பதற்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. முன்பே பெருந்தொகை கொடுத்து, ஆண்டுதோறும் சில இரவுகள் தங்கும் உரிமையை வாங்கிக்கொள்ளும் டைம்ஷேர் முறை நம் நாட்டில் பரவியது 1986இல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் ஹாலிடேஸும் 1996இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா ஹாலிடேஸும் வந்த பிறகுதான். கிளப் மஹிந்திராவின் பழைய, பரவலான திட்டம் 25 ஆண்டுகளுக்கானது. ஆண்டுக்கு ஏழு இரவுகள். ஆண்டை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு பருவங்களாகப் பிரித்து, வாங்கிய நிறத்துக்கு ஏற்ற காலத்தில் தங்கலாம். வாங்கும்போது கொடுத்த பெருந்தொகையோடு செலவு முடிவதில்லை. ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும், அது கூடிக்கொண்டும் போகும், தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். தொண்ணூறுகளிலும் அடுத்த பத்தாண்டிலும் பி.இ.எல்., எச்.ஏ.எல். போன்ற ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது உறுப்பினரானவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள், முழங்கால் வலியோடு மலைப் படிகள் ஏற முடியவில்லை, சந்தாக் கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது. அவர்களுக்கு வேண்டியது கட்டிய சந்தாவாவது திரும்பக் கையில் வர வேண்டும் என்பதுதான். இப்படிப்பட்டவரிடமிருந்து எடுப்பது ஒன்று. பல உறுப்பினர்களின் கணக்குகளை மொத்தமாக வைத்துக்கொண்டு, மே மாத ஊட்டி இரவுகளைப் பதிவு தொடங்கும் நாளிலேயே அள்ளிக்கொண்டு, பிறகு ஆள் தேடும் தரகரிடமிருந்து எடுப்பது வேறொன்று.

இரவுகளுக்குப் பதில் பாயின்ட் என்று வரும் திட்டங்களிலும் அடிப்படை இதுவேதான். அறையின் அளவு, பருவம், வாரநாளா வார இறுதியா என்பதற்கு ஏற்ப ஓர் இரவுக்கு இத்தனை பாயின்ட் என்று அட்டவணை இருக்கும். உறுப்பினர் தன் கணக்கிலிருந்து அவற்றைச் செலவழித்து அறையைப் பதிவு செய்து, விருந்தினர் என்ற இடத்தில் நம் பெயரைப் போட்டுத் தருகிறார். நமக்குக் கிடைப்பது அந்த உறுதிப்படுத்தல் கடிதம்.

எல்லா ஆபத்துகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கடிதத்தில் நம் பெயர் இருந்தாலும் பதிவு நம்முடையது அன்று. அதைத் திருத்தவும், தேதியை மாற்றவும், ரத்து செய்யவும் உரிமை உள்ளவர் உறுப்பினர் ஒருவரே. ரிசார்ட்டுக்கும் நமக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. நாம் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது அவர்கள் கவலை அன்று. அறைச் சாவி நம் கைக்கு வரும் நிமிடம் வரை அந்த அறை உறுப்பினரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. போலிக் கடிதம் வந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். போலியை ஒரு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு நடப்பதுதான் பெரிய ஆபத்து.

என் சித்தப்பா மகனின் குடும்பத்துக்கு நடந்தது இதுவே. மே மாதம், ஊட்டியில் மலர்க்கண்காட்சி நடக்கும் வாரம். அறிமுகம் இல்லாத ஓர் உறுப்பினரிடம், நண்பரின் நண்பர் சொன்னார் என்று, முழுப் பணத்தையும் முன்பே அனுப்பினார்கள். கடிதம் வந்தது. என் தம்பி கவனமானவன். ரிசார்ட்டின் எண்ணைத் தானே தேடி எடுத்து அழைத்து, பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டான். அவன் பெயரில் அறை இருப்பதாகவே சொன்னார்கள், அது உண்மையும்கூட. அதற்கடுத்த சில நாட்களில் அந்த உறுப்பினர் அதை ரத்து செய்தார். ரத்துக்கான கெடு தாண்டாததால் இரவுகள் அவர் கணக்குக்கு முழுமையாகத் திரும்பின, அவற்றை அவர் வேறொருவருக்குக் கொடுத்தார். ரத்துச் செய்தி போனது உறுப்பினரின் மின்னஞ்சலுக்கு மட்டும். நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்து, மைசூரு வழியாகப் பந்திப்பூர்க் காட்டைத் தாண்டி, வயதான சித்தியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் போய் நின்றவர்களிடம், வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைத் தன் பக்கமாகத் திருப்பி இரண்டு முறை தேடிவிட்டு, “சார், இந்த நம்பர் கேன்சல் ஆயிருக்கு” என்றார். அந்த வாரத்தில் ஊட்டியில் நியாயமான விலைக்கு அறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று போனவர்களுக்குத் தெரியும். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் வந்த வழியே திரும்பவும் வழியில்லை. நகரத்தின் ஒதுக்குப்புறத்தில், கேட்ட விலையைக் கொடுத்து, ஈரம் கசியும் அறையில் அந்த இரவைக் கழித்தார்கள். உறுப்பினரின் கைபேசி அன்றிலிருந்து அணைந்தே கிடந்தது.

இதில் தம்பி எதையும் சோதிக்காமல் விட்டான் என்று சொல்ல முடியாது. அவன் சோதித்த நாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆகவே ‘ரிசார்ட்டை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை அரைகுறையானது. எந்த நாளில் அழைக்கிறோம் என்பதுதான் முக்கியம். எல்லாக் கிளப்களிலும் ரத்துக்கு ஒரு கெடு உண்டு. அதற்கு முன் ரத்து செய்தால் இரவுகளோ பாயின்ட்களோ உறுப்பினருக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் ரத்து செய்தால் அவற்றில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அவர் இழந்துவிடுவார். கெடு தாண்டிய பிறகு உறுப்பினர் நம் அறையை ரத்து செய்வதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. கெடு முடிந்த மறுநாள் ரிசார்ட்டை அழைத்துப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது, பதிவான நாளில் பத்து முறை கேட்பதைவிட மேலானது. பணத்தையும் அந்தக் கெடுவை ஒட்டித்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான்கு இரவுகளுக்கு 20,000 ரூபாய் பேசியிருந்தால், பதிவானதும் ஒரு 5,000, கெடு முடிந்து ரிசார்ட் உறுதி சொன்னதும் ஒரு 10,000, அறைக்குள் போனதும் மீதி 5,000 என்று முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். கெடு என்றைக்கு என்று கேட்டால் சொல்லத் தயங்குகிற உறுப்பினரோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை.

இன்னொரு கண்ணி சந்தா. உறுப்பினர் ஆண்டுச் சந்தாவைப் பாக்கி வைத்தால் கணக்கு முடக்கப்படலாம், முடங்கினால் அதன் மேல் நிற்கும் பதிவும் விழலாம். இதில் உறுப்பினர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; மறதியோ பணமுடையோ போதும். நடப்பு ஆண்டின் சந்தா ரசீதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் அதைத் தந்தால் பெயர், உறுப்பினர் எண், முகவரி ஆகிய மூன்றும் ஒரே தாளில் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நல்ல அனுபவம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். காக்ஸ் டவுனில் வசிக்கும், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடமிருந்து நாங்கள் குடகு இரவுகளை எடுத்துவருகிறோம். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்கத்தில் என் மாமனாருக்கு அறிமுகமானவர். முதல் முறை அவர் தொலைபேசியில் விலை பேசவே மறுத்துவிட்டார். “வீட்டுக்கு வாங்கம்மா, நேர்ல பாத்துப் பேசிக்கலாம்” என்றார். போனோம். காபி வந்தது. எந்த ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யாரெல்லாம் தங்கப் போகிறீர்கள், யாராவது குடிப்பார்களா என்றெல்லாம் கேட்டார். எனக்கு முதலில் சற்றுக் கூச்சமாக இருந்தது. பிறகுதான் அவர் பக்க நியாயம் புரிந்தது. அறையில் ஏதாவது உடைந்தாலோ, சாப்பாட்டுக் கணக்கைத் தீர்க்காமல் வந்துவிட்டாலோ, பக்கத்து அறைக்காரர்களோடு தகராறு நடந்தாலோ, கிளப் முதலில் கேட்பது அவரைத்தான், போவதும் அவருடைய பெயர்தான். நாம் அவரை நம்ப வேண்டியிருப்பதைப் போலவே அவரும் நம்மை நம்ப வேண்டியிருக்கிறது. இதை உணர்ந்து நம்மைப் பற்றி விசாரிக்கும் உறுப்பினர்தான் உண்மையான உறுப்பினர் என்பது என் அனுபவம். ஏமாற்ற வந்தவருக்கு நாம் குடிப்போமா மாட்டோமா என்பதில் என்ன அக்கறை இருக்கப் போகிறது?

விசாரணை முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து, தன் கணக்குக்குள் எங்கள் கண் முன்னாலேயே நுழைந்து, மீதமிருந்த இரவுகளையும் பழைய பதிவுகளையும் காட்டினார். எந்தத் தேதியில் எந்த அறை இருக்கிறது என்று பார்த்து, எங்கள் பெயர்களை என் கையாலேயே தட்டச்சு செய்யச் சொன்னார். பதிவானதும் கடிதம் அவருடைய மின்னஞ்சலுக்கு வந்தது. அதை எங்களுக்கு அனுப்பிவிட்டு, ரத்துக் கெடு என்றைக்கு முடிகிறது என்பதைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வட்டமிட்டார். நாங்கள் கேட்காமலேயே, “பாதிப் பணம் போதும், மீதியை ரூமுக்குள்ள போய் கட்டில்ல உக்காந்துகிட்டு அனுப்புங்க” என்றார். பிறகு வந்த ஆண்டுகளிலும் முறை மாறவில்லை. பழகிவிட்டோம் என்பதற்காக நாங்களும் ரிசார்ட்டை அழைத்துக் கேட்பதை நிறுத்தவில்லை, அவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நம்பிக்கைக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கிளப்களின் விதிமுறைகள் பொதுவாக உறுப்பினர் தன் இரவுகளை நண்பருக்கோ உறவினருக்கோ கொடுக்க இடம் தருகின்றன. அதைக் காசுக்கு விற்கும் தொழிலாக்குவதை விரும்புவதில்லை. எது எவ்வளவு அனுமதி என்பது கிளப்புக்குக் கிளப், திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஆகவே உறுப்பினரின் விதிமுறைப் பிரதியைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தையாவது படித்துவிட வேண்டும். சிலர் வரவேற்பு மேசையில் கேட்டால் ‘அண்ணன் மகள் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அப்படி ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை; அதைவிட, பொய் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் அந்தப் பதிவு எந்த நேரத்திலும் செல்லாமல் போகலாம் என்பதற்கு அதுவே அறிகுறி. பெரியவர் எங்களிடம் சொன்னது வேறு: “தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க, அது உண்மைதானே.” வீட்டுக்கு வரச் சொல்லிக் காபி கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகு தோன்றியது.

பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக வரும் அறைகளில் இந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. 1974இல் தொடங்கிய ஆர்.சி.ஐ., அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த இன்டர்வெல் இன்டர்நேஷனல் ஆகியவை, ஓர் உறுப்பினர் தன் வாரத்தை ஒப்படைத்துவிட்டு வேறு ஊரில் வேறொருவரின் வாரத்தை எடுத்துக்கொள்ள உதவுகின்றன. அப்படிப் பரிமாறிப் பெற்ற வாரத்தை விருந்தினர் சான்றிதழ் கொடுத்து உறவினருக்கோ நண்பருக்கோ தரலாம். காசுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பது இரண்டு நிறுவனங்களின் விதியிலும் இருக்கிறது. கண்டுபிடித்தால் பதிவு ரத்தாகும், இழப்பு தங்கப் போனவருக்கு. எனவே கோவாவிலோ தாய்லாந்திலோ அறை என்று யாராவது சொன்னால், அது அவருடைய சொந்தக் கிளப்பின் இரவா பரிமாற்றத்தில் வந்ததா என்பதைக் கேட்க வேண்டும். பரிமாற்றம் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

தரகர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. இங்கே தரகர் என்பவர் பெரும்பாலும் ஒரு கைபேசி எண். உறுப்பினர் யார் என்று சொல்ல மாட்டார், சொன்னால் தன்னைத் தாண்டிப் போய்விடுவோம் என்ற பயம். ஒருவர் எங்களுக்கு அனுப்பிய ‘உறுதிக் கடிதம்’ ஒரு திரைப்பிடிப்பு. அதில் உறுப்பினர் எண் இருந்த இடம் வெட்டப்பட்டிருந்தது, விருந்தினர் பெயர் மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. முழுக் கடிதத்தையும் மூல மின்னஞ்சலாகவே அனுப்பச் சொன்னோம். இன்று மாலைக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது, நாங்கள் விட்டுவிட்டோம். யுபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கியில் பதிவான பெயர் திரையில் தெரிகிறது. அந்தப் பெயரும் கடிதத்தில் உள்ள உறுப்பினர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மனைவியின் கணக்கு, நண்பரின் கணக்கு, கடைக் கணக்கு என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். யுபிஐயில் போன பணத்தை நாமாக இழுத்துக்கொள்ள வழி கிடையாது என்பதை விரலை வைக்கும் முன் நினைத்துக்கொள்வது நல்லது. பதிவுக்கு அடையாள அட்டை கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்பினால் போதும். முழு அட்டையை ரிசார்ட்டில் நேரில் காட்டிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத தரகரின் கைபேசியில் குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும் கிடப்பது, போகாத விடுமுறையைவிடப் பெரிய இழப்பாக முடியலாம்.

அமெரிக்காவில் பிள்ளைகளோ தங்கையோ இருப்பதால் ஆர்லாண்டோ போகத் திட்டமிடும் பெங்களூர்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அங்கே டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் பாயின்ட்களை உறுப்பினர்களிடம் வாடகைக்கு எடுப்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 1991இல் தொடங்கிய கிளப் அது. உறுப்பினர் தன் சொந்த ரிசார்ட்டில் 11 மாதங்களுக்கு முன்பும், மற்றவற்றில் 7 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம். ஆகவே பிறர் கேட்டும் கிடைக்காத அறை, சரியான உறுப்பினர் கிடைத்தால் நமக்குக் கிடைக்கும். ஆனால் பணம் திரும்பக் கிடைக்காது என்று அவர்கள் கறாராகச் சொல்வதைப் பார்த்து நம்மவர்கள் கோபப்படுகிறார்கள். அதன் காரணம் பாயின்ட்களின் ஆயுளில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் பாயின்ட்களையும் அந்த உறுப்பினருடைய கணக்கு ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தால்தான் உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து கடன் வாங்கிய பாயின்ட்களைத் திருப்பி வைக்க முடியாது. பயணத்துக்கு 30 நாட்களுக்குள் ரத்து செய்தால் அவை தனிக் கணக்கில் முடங்கி, அடுத்த 60 நாட்களுக்குள் வரும் தங்கலுக்கு மட்டுமே பயன்படும். நாம் மனம் மாறினால் உறுப்பினரின் கையில் விற்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். இதைப் புரிந்துகொண்டு, விசா கிடைத்த பிறகு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இடைநிலை நிறுவனங்களின் முறை. பயணியிடம் வாங்கிய பணத்தில் ஒரு பங்கைப் பதிவானதும் உறுப்பினருக்குக் கொடுத்து, மீதியைப் பயணி அறைக்குள் நுழைந்த பிறகு கொடுக்கிறார்கள். பதிவு எண்ணைப் பயணி தன் சொந்த டிஸ்னி கணக்கில் இணைத்துக்கொள்ளவும் முடியும். பதிவு விழுந்தால் உடனே அவருக்கே தெரிந்துவிடும். ஊட்டியில் என் தம்பிக்கு இந்த ஒரு வசதி இருந்திருந்தால் அவன் மைசூரு வரைகூடப் போயிருக்க மாட்டான். நம் கிளப்கள் விருந்தினரின் கைபேசிக்கும் ரத்துச் செய்தி அனுப்பினாலே பாதி மோசடி நின்றுவிடும், அதற்குச் செலவும் பெரிதாக ஆகாது. விருந்தினராகத் தங்கும் ஒவ்வொரு முறையும் கருத்துப் படிவத்தில் இதை எழுதிக்கொடுத்துவருகிறேன்.

எவருடைய குற்றமும் இல்லாமல் பயணம் நின்றுபோனால் இழப்பு யாருக்கு என்பதும் பேசப்படாமலே போகிறது. 2018 ஆகஸ்டில் குடகில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டது. இத்தகைய நேரங்களில் ரிசார்ட் தானாகப் பதிவை நிறுத்தினால் இரவுகள் உறுப்பினரின் கணக்குக்குத்தான் திரும்பும், நமக்கு அல்ல. அவர் அந்த இரவுகளை வேறு தேதியில் நமக்கே தர வேண்டுமா, பணத்தைத் திருப்ப வேண்டுமா, இரவுகள் காலாவதியானால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரைத்தாள் ஒப்பந்தம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேதிகள், தொகை, தவணைகள், ரத்து நிபந்தனை ஆகியவற்றை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்கினால் போதுமானது. குரல் செய்தியில் பேசியதை யாரும் இரண்டு மாதம் கழித்து நினைவில் வைத்திருப்பதில்லை.

தங்கும் அனுபவத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. அறைகள் விசாலமானவை, சமையல் மேடையோடு கூடியவையும் உண்டு, குழந்தைகளுக்கு நாள் முழுவதும் விளையாட்டு இருக்கிறது. உணவு தனிக் கட்டணம், அது குறைவும் அன்று. வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி சாப்பாட்டு மேசையில் போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், எனவே பாட்டியையும் சேர்த்து எண்ணிக்கையை உறுப்பினரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். காட்சி தெரியும் அறை வேண்டும் என்றோ அறையை மாற்ற வேண்டும் என்றோ கேட்டால், உறுப்பினருக்குக் கிடைக்கும் மரியாதை விருந்தினருக்குக் கிடைப்பதில்லை. அது எதிர்பார்க்க வேண்டியதே.

அறுபதாம் கல்யாணம், குடும்ப ஒன்றுகூடல், வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன் குடும்பத்தோடு தங்கல் போன்ற தேதி மாற்ற முடியாத நிகழ்ச்சிகளுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்கு நம் பெயரில், நம் அட்டையில் பதிவான அறைதான் சரி. மே மாத ஊட்டிக்கும் டிசம்பர் கடைசி வாரத்துக்கும்கூட, நன்கு அறிந்தவரிடமிருந்து அன்றி எடுக்க மாட்டேன், ஏனெனில் இரண்டாவது முறை விற்கும் ஆசை அந்த இரவுகளில்தான் அதிகம். பருவம் இல்லாத ஜூலை, செப்டம்பர் நாட்களில், மழையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் இருந்துவர நினைப்பவர்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. விலையும் அப்போது இறங்கிவிடும், உறுப்பினருக்கும் காலாவதியாகப் போகும் இரவுகளைத் தள்ளிவிட்ட நிம்மதி கிடைக்கும்.

ஏமாந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பது அல்லது தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்வது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆகவே உறவினர்களிடம் புலம்புவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பரிவர்த்தனை எண், கடிதம், உரையாடல்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுதல் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பணம் வாங்கியவர் இதைத் தொழிலாகச் செய்யும் தரகராக இருந்து ரசீதும் தந்திருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகவும் வழி உண்டு. ரிசார்ட் ஊட்டியில் இருந்தாலும், புகார் செய்பவர் வசிக்கும் பெங்களூரிலேயே வழக்கைத் தாக்கல் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது. என் தம்பி மறுநாள் காலையில், ஊட்டியில் இருந்தபடியே 1930ஐ அழைத்தான். பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் அந்தக் கணக்கில் அப்போது மிஞ்சியிருந்தது. அது முடக்கப்பட்டு, சில மாதங்கள் கழித்து அவன் கணக்குக்குத் திரும்பியது.